தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள்



கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் எழுதுகோலைத் தம் கையில் வாங்கிக்கொள்கிறார். அதுவரை அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியிருக்க வேண்டும் என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. ஆறாம் அதிகாரம் பதினோராம் வசனத்தில் அவர் தம்முடைய கையெழுத்தைக் கவனிக்கச் சொல்லுகிறார். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம், அவர் எவ்வளவு எழுதினார் என்பதைக் குறிப்பதுபோல் அமைந்திருக்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பதோ எழுத்துகளின் பெருமையைப் பற்றிய சொல். அவருடைய கண்பார்வை மங்கியிருந்ததால் பெரிதாக எழுதினார் என்பார் சிலர். அழுத்தம் கொடுப்பதற்காகப் பெரிதாக எழுதினார் என்பார் வேறு சிலர். எப்படியாயினும், உபதேசத்தின் நடுவே எழுத்தின் வடிவத்தை நோக்கி நம் கண்களைத் திருப்பும் அபூர்வமான இடம் அது.

நாம் வேதாகமத்தைத் திறக்கும்போது எழுத்தைப் பார்ப்பதில்லை. எழுத்தின் வழியாக வார்த்தையைப் பார்க்கிறோம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆயினும் உங்கள் கையிலுள்ள வேதாகமத்தின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு காலத்தில் ஒரு மனிதரால் கையால் வரையப்பட்டது. அந்த வளைவு இவ்வளவு வளைய வேண்டும், அந்தக் கோடு இங்கே நிற்க வேண்டும் என்று ஒருவர் தீர்மானித்தார். நம் சபையின் வாலிபர் சிலர் இப்போது தங்கள் கையெழுத்தையே எழுத்துருவாக ஆக்கிப் பாடல் திரைகளிலும் அழைப்பிதழ்களிலும் பயன்படுத்த விரும்புகிறார்கள். நல்ல விருப்பம். அவர்களை மனதில் வைத்தே, சுவிசேஷம் தமிழில் முதன்முதல் அச்சேறியபோது அதற்கான எழுத்து எவ்விதமாய் உண்டாயிற்று என்பதை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், ஈய எழுத்து எப்படிப் பிறந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள். தாளில் வரைந்த எழுத்தை ஒரு சிறிய எஃகுத் துண்டின் முனையில், இடவலம் மாற்றி, புடைப்பாகச் செதுக்குவார்கள். எழுத்தைச் சுற்றியுள்ள எஃகை அரத்தாலும் உளியாலும் நீக்கிவிட, எழுத்து மட்டும் மேலே நிற்கும். அந்த முனையைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கி, செப்புத் துண்டின் மேல் வைத்து அடிப்பார்கள். செம்பில் எழுத்து குழிவாகப் பதியும். அந்தச் செம்பை வார்ப்பு அச்சின் அடியில் பொருத்தி உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால், மறுபடியும் இடவலம் மாறிய ஓர் ஈய எழுத்து வெளிவரும். மை தடவித் தாளில் அழுத்தும்போதுதான் அது நேராக நிற்கும். ஒரே செப்புக் குழியிலிருந்து ஆயிரக்கணக்கான ஈய எழுத்துகளை வார்க்கலாம். ஆனால் எஃகில் செதுக்கியவர் ஒரு மயிரிழை தவறினால், அந்தத் தவறும் ஆயிரமாகப் பெருகும்.

இந்தக் கைவினை வேதத்திற்கு அந்நியமானதன்று. யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில், ஆசாரியன் தோள்மேல் சுமக்கும் கற்களில் இஸ்ரவேல் புத்திரரின் நாமங்களை முத்திரை வெட்டுகிற வேலையாக வெட்டும்படி கர்த்தர் கட்டளையிடுகிறார். முத்திரை வெட்டுகிறவனும் அச்செழுத்து வெட்டுகிறவனும் ஒரே தொழிலின் இரு கிளைகள். ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றிய நாட்களில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பலர் பொற்கொல்லர்களே.

இனி தரங்கம்பாடிக்கு வாருங்கள். 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கு அனுப்பிய சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் அக்கரையில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது வயது இருபத்துமூன்றுதான். அவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பதை நீங்கள் ஞாயிறுப் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். அதில் நாம் அதிகம் சிந்திக்காத ஒன்று உண்டு. அவருடைய விரல் தமிழ் எழுத்தின் போக்கை முதலில் மணலில் அறிந்தது. பின்பு ஓலையில் எழுத்தாணி செல்லும் விதத்தைக் கண்டது. எழுத்தின் வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அச்சு எழுத்து சொல்லாது, மணல் சொல்லும்.

1708-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் டேனியத் தளபதியால் சிறையில் அடைக்கப்பட்டு, ஏறக்குறைய நான்கு மாதங்கள் கோட்டைக்குள் இருந்தார். 1711-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் மொழிபெயர்ப்பு முடிவடைந்தது. முடிவடைந்தது என்றால், ஓலையில் முடிவடைந்தது. அதைப் பிறர் படிக்க வேண்டுமானால், எழுத்தர் ஒருவர் மீண்டும் முதலிலிருந்து ஓலையில் கீற வேண்டும். புதிய ஏற்பாடு முழுவதையும் எழுத்தாணியால் ஒரு படி எடுப்பது எத்தனை நாள் வேலை என்று எண்ணிப் பாருங்கள். பத்துச் சபைகளுக்குப் பத்துப் படிகள் வேண்டும். பத்துப் படிகளிலும் பத்து விதமான பிழைகள் இருக்கும். அச்சு வேண்டும் என்று அவர் ஐரோப்பாவுக்கு மீண்டும் மீண்டும் எழுதியதன் காரணம் இதுவே.

அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. எஸ்.பி.சி.கே. என்று நாம் அறிந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தார் ஓர் அச்சு இயந்திரத்தையும், ரோம எழுத்துகளையும், காகிதத்தையும், ஃபிங்க் என்னும் ஓர் அச்சுத் தொழிலாளியையும் 1711-ஆம் ஆண்டில் கப்பலேற்றினார்கள். கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவுக்கு அருகில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டது. பணம் கொடுத்து இயந்திரம் மீட்கப்பட்டு 1712-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது. ஃபிங்க் வந்து சேரவில்லை. வழியில் காய்ச்சல் கண்டு மரித்துப் போனார். இயந்திரம் இருக்கிறது, அதை இயக்கத் தெரிந்தவர் இல்லை. கோட்டையிலிருந்த படைவீரர்களுள் அச்சுத் தொழில் அறிந்த ஒருவர் இருந்ததால் போர்த்துக்கேய மொழியில் சிறு நூல்கள் வெளிவந்தன. தமிழில் அச்சிடவோ எழுத்தே இல்லை.

தமிழ் எழுத்து ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் உருவாயிற்று. பிரான்கே ஐயர் நடத்திய அநாதை இல்லமும் அச்சகமும் அங்கே இருந்தன. தரங்கம்பாடியிலிருந்து தமிழ் எழுத்துகளின் வரைபடங்கள் அனுப்பப்பட்டன. அவற்றைப் பார்த்து எழுத்து வெட்டுவோர் வேலை செய்தார்கள். சோதனையாக விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் அச்சிட்டுப் பார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று, அந்தத் தொழிலாளியின் மேசையருகே உங்களை நிறுத்திப் பாருங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் பேசும் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. கையில் இருப்பது ஒரு தாள். அதில் சில உருவங்கள். ‘ண’ என்பதில் எத்தனை சுழி இருக்க வேண்டும், ‘ன’ என்பதில் எத்தனை என்று அவர் எண்ணி அறியலாம். ஆனால் ஒரு கோடு சற்றே வளைந்திருப்பது எழுத்தின் இயல்பா, எழுதினவர் கை நடுங்கியதா என்பதை அவர் எப்படி அறிவார்? ‘ள’வின் கால் எவ்வளவு இறங்கலாம்? ‘ழ’வின் வால் எங்கே திரும்பினால் அது ‘ழ’ அல்லாமற் போகும்? ஒரு மொழியைப் படிக்கிறவனுக்கு எழுத்தில் எது உயிர், எது அலங்காரம் என்பது சொல்லித்தராமலே தெரியும். படிக்காதவனுக்கு எல்லாம் ஒரே எடையுள்ள கோடுகள்.

ரோம எழுத்து அகன்ற முனையுள்ள இறகுப் பேனாவில் வளர்ந்தது. அதில் தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வரும். தமிழ் எழுத்து எழுத்தாணியில் வளர்ந்தது. ஓலையில் கீறிய கோடு முழுவதும் ஒரே மெலிவாக இருக்கும். இரண்டும் வேறு வேறு உலகங்கள். அக்காலத்து ஓலை எழுத்தில் வேறொரு சிக்கலும் இருந்தது. மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் இடுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஒன்றுபோல் எழுதப்படும். ‘பாவை’யா ‘பரவை’யா என்பதை வாக்கியத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். நம் முன்னோர் அப்படியே படித்துப் பழகியிருந்தார்கள். ஓலை அறியாத கண்களோ அதில் இடறிவிழும். ஹாலேயில் வெட்டப்பட்ட எழுத்து இந்த மரபின் நகல்தான்.

அந்தத் தொழிலாளிகளைக் குறித்து எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தாங்கள் ஒருபோதும் படிக்கப் போகாத எழுத்தை, தாங்கள் ஒருபோதும் காணப் போகாத மக்களுக்காக, எஃகின் முனையில் தலைகீழாய்ச் செதுக்கினார்கள். அவர்களுடைய பெயர்களை நாம் ஆலய ஆராதனைகளில் நினைவுகூருவதில்லை. ஆனால் மரியாதை வேறு, மதிப்பீடு வேறு. அந்த எழுத்து அழகாயிருக்கவில்லை. அதைவிட முக்கியமானது, அது மிகப் பெரிதாயிருந்தது.

1713-ஆம் ஆண்டில் ஹாலே எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. அவற்றோடு ஆட்லர் என்னும் அச்சுக் கலைஞரும் அவருடைய இளைய சகோதரனும் வந்தார்கள். அவ்வாண்டே தமிழில் சிறு நூல் அச்சாயிற்று. 1714-ஆம் ஆண்டில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் ஹாலே எழுத்தில் அச்சாகி முடிந்தன. அப்போதுதான் அந்தப் பெரிய எழுத்தின் விலை என்ன என்பது தெரியவந்தது. காகிதம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் ஆண்டுக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால், அதே வாசகம் நான்கில் ஒரு பங்கு இடத்தில் அடங்கும். எழுத்தைப் பாதியாக்காவிட்டால், மீதிப் புதிய ஏற்பாட்டை அச்சிடக் காகிதம் போதாது.

ஆட்லர் பொறையாற்றில் எழுத்து வார்க்கும் பட்டறை அமைத்தார். சிறிய எழுத்துகளைப் புதிதாய் வெட்டி வார்த்தார். ஈயத்திற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட செஷயர் பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளையே உருக்கி எழுத்தாக்கினார்கள் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. மேசையில் உணவாய் வந்தது அச்சுப் பெட்டியில் எழுத்தாய்ப் போனது என்றால், அந்தப் பட்டறைக்குப் பொருத்தமான கதைதான். பிற்பாடு காகித ஆலை ஒன்றும் பொறையாற்றில் தொடங்கப்பட்டது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனாலும் கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் நிலைத்துவிட்டது.

சிறிய எழுத்து வந்தபோது சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் பயணமாகியிருந்தார். வேலையைக் கண்காணித்தவர் கிரூண்ட்லர் ஐயர். 1715-ஆம் ஆண்டில் நிருபங்களும் வெளிப்படுத்தின விசேஷமும் சிறிய எழுத்தில் அச்சாகிப் புதிய ஏற்பாடு நிறைவு பெற்றது. சுவிசேஷங்களைப் படித்துவந்த ஒருவர், நடபடிகள் முடிந்து ரோமருக்கு எழுதின நிருபத்தைத் திறக்கும்போது எழுத்து சட்டெனச் சிறுத்துவிடும். முன்பகுதியின் எழுத்து ஜெர்மனியில் பிறந்தது. பின்பகுதியின் எழுத்து பொறையாற்றில் பிறந்தது. பவுல் தம் பெரிய எழுத்துகளைக் காட்டும் அந்தக் கலாத்தியர் வசனம், தமிழில் முதன்முதல் சிறிய எழுத்தில்தான் அச்சாயிற்று!

பொறையாற்றில் எழுத்து சிறுத்ததற்குக் காரணம் காகிதம் மட்டும் என்று நான் எண்ணவில்லை. ஹாலேயில் எழுத்தைச் சிறிதாக்கும் துணிவு ஒருவருக்கும் இருந்திருக்காது. எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று தெரியாதவன் எல்லாவற்றையும் பெரிதாகவே வரைவான்; சிறு பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பொறையாற்றிலோ எழுத்து வெட்டுகிறவர் ஒரு படி அச்சிட்டு, அதைத் திண்ணையில் இருக்கும் உபதேசியார் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மறுநாள் திருத்தலாம். ஹாலேக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ஒரு திருத்தத்தைக் கேட்டுப் பதில் பெற ஓர் ஆண்டுக்கு மேலாகும். பொறையாற்றில் ஒரு தெருவைக் கடந்தால் போதும். படிக்கிறவனுக்கு அருகில் வராமல் எழுத்து எழுத்தாகாது.

இதே காரியம் அதற்கு முன்பும் ஒருமுறை நடந்தது. சீகன்பால்கு பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கத்தோலிக்கச் சகோதரர்கள் தமிழில் அச்சிட்டிருந்தார்கள். அன்ரீக் அன்ரீக்கசு என்று நாம் அழைக்கும் போர்த்துக்கேயக் குரு முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் ஊழியம் செய்து, தமிழை ஆழமாய்க் கற்றவர். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கங்கள்தான். அதற்கான எழுத்தை முதலில் 1577-இல் கோவாவில் கொன்சால்வசு என்னும் ஒருவர் உருவாக்கினார். அவர் கொல்லுத் தொழிலும் அறிந்தவர். கோவா தமிழ் பேசும் ஊரன்று. அங்கு உருவான எழுத்து திருப்தி தரவில்லை. பின்பு கொல்லத்தில் ஃபரியா என்னும் குரு வேறு எழுத்தை உருவாக்கினார். நூலின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வகை எழுத்துகளும் வரிசையாகக் காட்டப்பட்டிருக்கின்றன. முந்தியதை மறைத்துவிடவில்லை, கோவாவில் ஆனது இது, கொல்லத்தில் ஆனது இது என்று வாசகர் முன் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பக்கம் மிகவும் பிடித்தமானது. அச்சுச் செலவுக்காகப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறையின் பரதவ விசுவாசிகள் என்பதையும் சொல்லவேண்டும். மூச்சடக்கிக் கடலடியில் உழைத்தவர்களின் காசு அது.

அந்த முயற்சிகள் கொச்சியிலும் புன்னைக்காயலிலும் சில ஆண்டுகள் தொடர்ந்து பின்பு நின்றுபோயின. ஹாலேயில் எழுத்து வெட்டியவர்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. ஆகவே கோவாவில் நேர்ந்தது ஹாலேயிலும் நேர்ந்தது. கொல்லத்தில் திருந்தியது பொறையாற்றிலும் திருந்தியது.

எகர ஏகாரக் குழப்பம் தீர்ந்ததற்கு நாம் நன்றி சொல்லவேண்டியவர் வீரமாமுனிவர். இரட்டைச் சுழிக் கொம்பால் நெட்டோசையை வேறுபடுத்திக் காட்டும் முறை அவரால் வந்தது. அவர் தரங்கம்பாடி லுத்தரன்களை எழுத்திலே கடுமையாய் எதிர்த்தவர். அவர்களுடைய தமிழையும் பரிகசித்தவர். அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ஆம் ஆண்டில் எங்கே அச்சாயிற்று தெரியுமா? தரங்கம்பாடியில், அதே லுத்தரன் அச்சகத்தில்! எதிரியின் இலக்கணத்தைத் தங்கள் காகிதத்தில் அச்சிட்ட அந்த ஐயர்மார்களைக் குறித்து ஒரு தனித் தியானமே எழுதலாம்.

அதன்பின் கதை விரைந்து செல்லுகிறது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரமும் அவர்கள் கைக்கு வந்து, வேப்பேரியில் பப்ரீசியுசு ஐயரின் மேற்பார்வையில் வைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய அண்ட் என்பவர் தமிழ் எழுத்தைச் சிறிதாகவும் தெளிவாகவும் அழகாகவும் ஆக்குவதில் பேருழைப்பு உழைத்தார். 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதி அவருடைய அச்சகத்தின் வேலை. அதன் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பவர், ஹாலேயிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று வியப்பார். ‘ணை, லை, ளை, னை’ என்பவற்றின் பழைய துதிக்கைக் கொம்பையும், ‘ணா, றா, னா’ போன்றவற்றின் பழைய சுழிகளையும் தமிழ்நாட்டு அரசு 1978-இல் மாற்றியது. நம் சபையின் முதியோர் வைத்திருக்கும் வேதாகமங்களில் அந்தப் பழைய வடிவங்களை நீங்கள் இன்னும் காணலாம். பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டுங்கள்.

சீகன்பால்கு ஐயர் 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் மரித்தார். அவர் கட்டிய தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் பண்ணப்பட்டார். இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1716-இல், தமிழ் எழுத்துகளைக் கொண்டே அவருடைய தமிழ் இலக்கண நூல் ஹாலேயில் அச்சாயிற்று. ஜெர்மனியில் தமிழ் படிக்க விரும்பியவர்களுக்காக அது எழுதப்பட்டது.

இனி, எழுத்து வரைய விரும்பும் வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள். நம் எழுத்துகள் 247 என்று படித்திருக்கிறீர்கள்; அஞ்ச வேண்டாம். உயிரெழுத்துகள் 12, ஆய்தம், அகரமேறிய மெய்கள் 18, தனி வடிவம் உடைய உகர ஊகார எழுத்துகள் 36, கால், கொம்பு முதலிய குறிகள், புள்ளி, ‘டி, டீ’ போன்ற ஒன்றிரண்டு சிறப்பு வடிவங்கள் என்று கூட்டினால் ஏறக்குறைய 75 உருவங்களை வரைந்தால் போதும். மற்றவை அவற்றின் சேர்க்கையால் வந்துவிடும். வேத வசனங்களுக்குக் கிரந்த எழுத்துகளும் தேவை. ‘ஜ’வும் ‘ஸ்’ஸும் இல்லாமல் ‘ஜெபம்’ என்றோ ‘கிறிஸ்து’ என்றோ எழுத இயலாது. கட்டமிட்ட தாளில் ஒரே பேனாவால் எழுதுங்கள். ‘ப, ட, ம’ என்பவற்றில் தொடங்கினால் எழுத்தின் உயரமும் அகலமும் உறுதிப்படும். ‘க’வும் ‘த’வும் அதன்பின் எளிதாய் வரும். உகர ஊகார வரிசையில் பொறுமை வேண்டும். ‘கு’வைப் பார்த்து ‘சு’வை ஊகிக்க முடியாது, ஒவ்வொன்றும் தனிப் போக்கு உடையது. வரைந்த தாளைப் படமெடுத்து, ஃபாண்ட்ஃபோர்ஜ் போன்ற இலவச மென்பொருளில் ஏற்றிக் கோடுகளைச் செம்மைப்படுத்தலாம். தமிழ் எழுத்துகள் சேர்வதற்கான விதிகளை அதில் சரியாய் அமைக்க வேண்டும். இல்லையேல் ‘தேவன்’ என்னும் சொல்லே சிதறிப்போகும்.

எழுபத்தைந்தும் முடியும்வரை காத்திராதீர்கள். பத்து எழுத்துகள் ஆனவுடன் அவற்றால் அமையும் சில சொற்களை அச்சிட்டு, ஆராதனை முடிந்தபின் முன்வரிசையில் அமரும் பாட்டிமார் ஒருவரிடம் கொடுங்கள். எழுத்து அழகாயிருக்கிறதா என்று கேட்காதீர்கள். சத்தமாய் வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே கண்ணாடியைச் சரிசெய்கிறார்களோ, எங்கே தாளைச் சற்று விலக்கிப் பிடிக்கிறார்களோ, அந்த எழுத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ‘ன’வும் ‘ண’வும், ‘ள’வும் ‘ன’வும் அருகருகே வரும் சொற்களை முதலில் கொடுத்துப் பாருங்கள், சிறிய அளவில் அச்சிட்டும், பெரிய அளவில் அச்சிட்டும் கொடுங்கள்.